மூணு தடவை கூப்பிட வைம்மா

விடியற்காலை மூன்று மணி இருக்கும். மேருவிலிருந்து கிள்ளானுக்கு வரும் ரோடு. பகலில் லோரிகள் இடித்துக்கொண்டு போகிற அதே ரோடுதான்... அந்த நேரத்தில் ஒரு நாய்கூட இல்லை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் பேக்டரிகள். மழை விட்டிருந்தது. தகரக் கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

ஒரு பழைய மைவி கார் தனியாக வருகிறது. ஓட்டுவது பெர்னிஸ், நம் பிரையனுடைய அக்கா. அவன் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். அவன் எதிரில் யாரும் இந்தப் பேச்சை எடுத்துவிடாதீர்கள்.

காரின் பின் சீட்டில் ஒரு ஸ்பீக்கர் கிடக்கிறது. கறுப்பு. பிஸ்கட் டின் அளவு இருக்கும். அதன் ஒயரை அவளே சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி வைத்திருக்கிறாள். பேட்டரி போடுகிற இடமே அதில் கிடையாது.

அந்த ஸ்பீக்கர்... தொண்டையைக் கனைத்தது.

“க்ஹும்.”

சின்னக் கனைப்புதான். யாருடைய கனைப்பு என்று பெர்னிஸுக்குத் தெரியும். தெரிந்ததால் அவள் காரை நிறுத்தவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தாள்.

அமுதவள்ளி என்று ஒருத்தி. மேருவில் ஐஸ் மீன், ஐஸ் கோழி பாக்கெட் போடும் பேக்டரியில் நைட் ஷிப்டுக்குத் தலைவி. எப்போதும் கோடாலித் தைல வாடை அடிக்கும். குளிர் அறையில் நின்று நின்று அவளுக்குத் தொண்டை கட்டியே இருக்கும். பேசுவதற்கு முன்னால் ஒரு கனைப்பு. பிரேக் போனவர்கள் திரும்பி வராவிட்டால் நடைபாதையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மூன்று தடவை. ஒன்று கூடாது, குறையாது. மூன்றுக்கும் வராவிட்டால் தானே தேடிக்கொண்டு போவாள். யார் எந்த மூலையில் அழுதுகொண்டிருக்கிறாள், எவளுக்கு வயிற்று வலி, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

பெர்னிஸ் அதே பேக்டரியில் ஆபீஸ் கிளார்க். தகப்பன் இல்லாத வீடு. பிரையன் சுபாங் ஜெயாவில் காலேஜ் படித்தது அவள் சம்பளத்தில்தான். ஒருநாள் முதலாளி கமலநாதன் அவளைக் கூப்பிட்டு, “ஏம்மா, பிரேக் டைம் எல்லாம் ஆப்ல இருக்கு. லேட்டா வர்றவங்கள மெஷினே கூப்பிடுற மாதிரி செய்ய முடியாதா?” என்றார்.

முடியும் என்று பெர்னிஸ் கண்டுபிடித்தாள். அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம், ஆட்கள் போனில் பிரேக் பதியும் நேர ஆப். இன்னொரு கட்டம், எழுத்தைக் குரலாக்கிப் பேசும் ஆப். இரண்டையும் இழுத்துக் கோத்துவிட்டால் போதும். கால் மணி நேரத்தில் யாராவது திரும்பிப் பதியவில்லையா... நடைபாதை ஸ்பீக்கர் தானாகப் பேர் சொல்லிக் கூப்பிடும். இரண்டு நாளில் செய்து முடித்தாள். அவ்வளவு பெருமை அவளுக்கு.

குரல் மட்டும் யாருடையது என்று கேள்வி வந்தது. “அமுதவள்ளி குரலப் போடு. அவ சொன்னாதான் கேக்குதுங்க” என்றார் கமலநாதன்.

அமுதவள்ளி ஆபீசுக்கு வந்து அரை மணி நேரம் போனில் குரலைப் பதிவு செய்துவிட்டுப் போனாள். பேர்களைச் சொல்லச் சொன்னாள் பெர்னிஸ், சொன்னாள். செய்தித்தாளை வாசிக்கச் சொன்னாள், வாசித்தாள். கிளம்பும்போது கதவருகே நின்று சொன்னாள்: “பெர்னிஸம்மா, மூணு தடவ கூப்பிட வைம்மா.”

“ஏங்க்கா?”

“ராத்திரி வேல லா. பேயி ஒரு தடவ கூப்பிடும், மிஞ்சினா ரெண்டு தடவ. மூணாவது தடவ அதுக்கு வாயி வராது. மூணாவது கூப்பிட்டா மனுசன்னு அர்த்தம். கண்டிப்பா பதில் சொல்லணும். எங்க பிள்ளைங்க அதுக்குத்தான் காத்திருக்கும்.”

பெர்னிஸ் சிரித்தாள். சரி என்றாள். ஆனால் அந்தக் குரல் ஆப்பில் மாதத்துக்கு இத்தனை தடவைதான் பேசலாம் என்று கணக்கு. மூன்று தடவை வைத்தால் பத்து நாளில் தீர்ந்துவிடும். கமலநாதனிடம் கேட்டாள். “ஒரு தடவ போதும்மா. செவிடா அவளுங்க?”

ஒரு தடவை வைத்தாள்.

குரல் அப்படியே அமுதவள்ளிதான். கனைப்பையும்கூட மெஷின் கற்றுக்கொண்டது. அடுத்த வாரம் கமலநாதன், “இனிமே லைனுக்குத் தலைவி எதுக்கு?” என்று அமுதவள்ளியைப் பாக்கெட் போடுகிற மேசைக்கு அனுப்பிவிட்டார். அவள் தலைக்கு மேலே தன் குரல் மற்றவர்களைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே மீன் பாக்கெட் போட்டாள்.

பெண்களுக்குப் பயம் போய், அது கேலியாகிவிட்டது. “ஒரு தடவதான் கூப்பிடுது, பேயி லா அது. போகாத, உக்காரு” என்பார்கள்.

அப்புறம் அந்த ராத்திரி... அமுதவள்ளி பிரேக் பதிந்துவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினாள். அங்கே விளக்கு அவிந்து மாதக் கணக்காகியும் மாற்றவில்லை. ஈரம் வேறு. கால் மணி நேரம் கழித்து ஸ்பீக்கர் கனைத்தது.

“க்ஹும். அமுதவள்ளி... நேரமாச்சி, வாங்க.”

லைனில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “பாருங்கடி, அக்கா தன்னையே கூப்பிடுறாங்க!” ஒருத்தியும் எழுந்து போகவில்லை. கூப்பிடத்தான் மெஷின் இருக்கிறதே. தேடிப் போகிறவள் ஒருத்தி இருந்தாள்... அவள்தான் படிக்கட்டுக்குக் கீழே கிடந்தாள்.

விடிந்து, லோரி ஏற்ற வந்த பாலன்தான் பார்த்தான். விழுந்ததும் உயிர் போகவில்லையாம். டாக்டர் சொன்னாராம், ரொம்ப நேரம் நினைவோடு இருந்திருப்பாள் என்று. அந்தப் படிக்கட்டுக்கு நடைபாதை ஸ்பீக்கர் நன்றாகவே கேட்கும்.

அன்று காலையில் கமலநாதன் பெர்னிஸின் மேசைக்கே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ பிரேக்குக்குப் போகல. வேல முடிஞ்சி போயிட்டா. ஆப்ல அப்படி மாத்திடு. வேல நேரத்துல விழுந்தான்னா ஆபீசர் வந்து விளக்கப் பத்திக் கேப்பான் லா. உன் தம்பி எத்தனாவது வருசம்?”

கடைசிக் கேள்விதான் அவளை அசைத்தது. மாற்றினாள். ஒரு கட்டத்தில் ஒரு நேரம். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அமுதவள்ளியின் மகள் சீதாலெட்சுமி ஜெஞ்சாரோமிலிருந்து பஸ் ஏறி வந்தாள். தொழிலாளர் இன்சூரன்ஸ் பணத்துக்கு சொக்சோவில் கேட்கிறார்கள், அம்மாவின் வேலை நேரப் பதிவு வேண்டும் என்றாள். பெர்னிஸ் பிரிண்ட் எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைப் படிக்கவே இல்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அம்மா உங்களப் பத்திச் சொல்லுவாங்கக்கா. ஆபீஸ்ல நம்மள மதிக்கிற ஒரே பிள்ளைன்னு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனு தள்ளுபடி ஆனது. வேலை முடிந்தபின் நடந்தது என்று அந்தத் தாளே சொல்லிவிட்டதே.

தள்ளுபடியான அந்த வாரத்திலிருந்துதான்... ஸ்பீக்கர் ஆரம்பித்தது. தினமும் அதே நேரம். “க்ஹும். அமுதவள்ளி... நேரமாச்சி, வாங்க.” ஆப்பிலிருந்து அவள் பேரையே எடுத்தாயிற்று. நிற்கவில்லை. நைட் ஷிப்ட் பெண்கள் மேசையை விட்டு ஓடி, மழையில் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். கமலநாதன் நடுராத்திரியில் பெர்னிஸுக்குப் போன் அடித்தார். “நீ செஞ்சதுதானே, நீயே வந்து நிறுத்து!”

வந்தாள். கட்டங்களை அழித்தாள். குரலை அழித்தாள். ஸ்பீக்கரைப் பிடுங்கிக் காரில் போட்டாள். அப்படித்தான் அந்த நேரத்தில், அந்த ரோட்டில்.

“க்ஹும்.”

அப்புறம்... “பெர்னிஸம்மா.”

மெஷினுக்கு அவள் அந்தப் பேரைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்த காருக்குள் கோடாலித் தைல வாடை. கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

அவள் வாய் தானாக ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னது. முடிப்பதற்குள்...

“பெர்னிஸம்மா.”

இரண்டு. பேயென்றால் இதோடு சரி. அமுதவள்ளி அக்காவே சொன்னதுதானே. மூன்றாவது தடவை வாய் வராது... வராது... பெர்னிஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பேயாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாளாம். பேயென்றால் பதில் சொல்ல வேண்டியதில்லை. மனுஷி என்றால் திரும்பிப் போக வேண்டும். அந்த நேரத்தைச் சரியாக்க வேண்டும், ஜெஞ்சாரோமுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், வேலை போகும், தம்பி படிப்பு போகும்.

கார் மேம்பாலத்தைத் தாண்டியது. ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பின் சீட்டில் இல்லை. காதுக்கு ஒட்டி. கனைப்புக்கூட இல்லாமல், மெதுவாக... கெஞ்சுகிற மாதிரி.

“பெர்னிஸம்மா...”

மூன்று.

அவள் ரேடியோவைத் திருகினாள். முழுச் சத்தத்தில் வைத்தாள். பிரிக்பீல்ட்ஸில் வீடு வரும்வரை குறைக்கவில்லை.

விடிந்ததும் அவள் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்கள். “பெர்னிஸ், கோப்பி ஆறுது.” பதில் இல்லை. கிட்டே வந்து கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே நின்று கூப்பிட்டார்கள்.

காதில் ஒரு குறையும் இல்லை. மழை கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும், நாம் பேசுவதெல்லாம் கேட்கும். தன் பேர் மட்டும் கேட்காது. யார் சொன்னாலும், எத்தனை தடவை சொன்னாலும். அந்தப் பேர் வரும் இடத்தில் எதிரில் பேசுகிறவர் வாய் மட்டும் அசைகிறதாம், சத்தம் வரவில்லையாம். வேலையை விட்டாயிற்று. பிரையன் படிப்பை நிறுத்திவிட்டு இப்போது லோரி ஓட்டுகிறான். எதற்குப் பயந்தாளோ அத்தனையும் போனது. கமலநாதன் நன்றாகத்தான் இருக்கிறார். புது ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார். ஆண் குரல்.

ராத்திரி ஒரு நேரத்தில் மட்டும் பெர்னிஸ் தூக்கத்தில் தலையைத் திருப்புவாள். “வரேங்க்கா” என்பாள். எழுந்து, தலையை வாரி, செருப்பைத் தேடுவாள். அம்மா கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே படுக்கிறார்கள்.

அம்மாவுக்கு எந்தக் குரலும் கேட்டதில்லையாம். ஆனால் பெர்னிஸ் கண் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்... கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக...

யாரோ தொண்டையைக் கனைக்கிறார்களாம்.