பெண்கள் அறைப் படங்களும் கம்பனி அப்டேட்டும்

பெயர்: அப்துல் கரீம் சித்தி றமீலா. வயது: 39. தொழில்: திருமணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுத்தல். விலாசம்: பள்ளிவாசல் வீதி, அலவத்துகொட.

மேற்படி விலாசத்தில் எனது கணவர் அரூஸுடனும் பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். வாக்குமூலத்தைத் தமிழில் தர விரும்புவதாகக் கூறினேன். என்னுடன் வேலை செய்யும் தெல்தோட்டையைச் சேர்ந்த கணபதி யசோதா தற்போது விளக்கமறியல் கைதியாகச் சிறையில் இருக்கிறார். அவர் செய்யாத ஒன்றுக்காக அங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லவே வந்தேன். என்னை ஒருவரும் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் அறைக்குள் ஆண்கள் வருவதில்லை. உள்ளே பெண்கள் தலைத்துணியைக் கழற்றிவிட்டு, ஆடிப் பாடி, தங்கள் பாட்டில் இருப்பார்கள். அந்தப் படங்களை எந்த ஆணும் பார்க்கமாட்டான் என்று வாக்குக் கொடுத்துத்தான் நான் வேலைக்கு ஒப்புக்கொள்கிறேன். படங்களை வட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை, கடையில் பிரிண்ட் போடக் கொடுப்பதுமில்லை. அன்றைக்கே, மண்டபத்தை விட்டுப் போவதற்கு முன்னர், எனது லெப்டொப்பிலிருந்து அறையில் உள்ள டீவியில் போட்டுக் காட்டுவேன். மணமகள் வேண்டாம் என்று சொல்லும் படத்தை அவர் கண் முன்னாலேயே அழிப்பேன். இவ்வளவு கவனமாக வேலை செய்யும் வேறொருவரை எனக்குத் தெரியாது, அதை நான் எல்லா வீட்டிலும் பெருமையாகச் சொல்லியும் வந்தேன்.

மேற்படி லெப்டொப்பைக் கண்டியில் ஒரு கடையில் புதிதாக வாங்கினேன். அப்போது கடைக்காரர், “கம்பனிக்காரங்க தேவையில்லாத புரோகிராம் எல்லாம் போட்டுத்தான் அனுப்புறாங்க மிஸ். வெச்சிட்டுப் போங்க, எல்லாத்தையும் எடுத்துட்டு கிளீனா தாறேன்” என்றார். பெண்களின் படங்களை வைக்கப்போகும் மெசினை ஆண்கள் இருக்கும் கடையில் ஒரு நாள்கூட விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. எதையாவது உள்ளே போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, திறக்காத பெட்டியோடு வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதன் பிறகும் எந்தத் திருத்துநரின் கையிலும் கொடுக்கவில்லை. தெரியாத லிங்க் எதையும் நான் தொடுவதில்லை, பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் செய்திகளைப் பார்த்துச் சிரிப்பேன். ஆனால் லெப்டொப் மூடியில் இருக்கும் அதே சின்னத்துடன் புதிய அப்டேட் என்று வந்தால் மட்டும் உடனே அழுத்துவேன். மெசினைச் செய்தவனே அனுப்புகிறான், அதில் என்ன கள்ளம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

சென்ற மாதம் திகனயைச் சேர்ந்த ஜமால்தீன் என்பவரின் மகள் ஸுமைராவின் திருமணத்துக்கு நானும் யசோதாவும் போனோம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் அது நடந்தது. சாப்பாடு முடிந்த பிறகு வழக்கம்போல் படங்களைக் காட்டினேன். அந்த அறையிலிருந்த டீவிக்கு வயர் இல்லாதபடியால் மண்டபத்து வைஃபையில் லெப்டொப்பை இணைத்தேன். காட்டிக்கொண்டிருக்கும்போது கம்பனியின் சின்னத்துடன் அப்டேட் அறிவித்தல் வந்து, டீவியில் மணமகளின் முகத்தை மறைத்தது. யசோதா, “வீட்டுக்குப் போயி பாத்துக்கலாம்க்கா” என்றார். சரி என்று சொல்லிக்கொண்டே நான் அழுத்தினேன். அழுத்தியது என் விரல். அப்போது யசோதா இரண்டு கைகளாலும் லைட் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். இதை அங்கிருந்த பெண்கள் எல்லோரும் கண்டார்கள், ஆனால் இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு வாரமளவில் ஸுமைராவின் படங்கள் பேஸ்புக்கில் வந்ததாக அறிந்தேன். அவர் தலைமுடியை அவிழ்த்துவிட்டுச் சிரித்தபடி தங்கைக்கு வட்டிலாப்பம் ஊட்டும் படமும் அதில் இருந்தது. அது நல்ல படம். எடுக்கும்போது எனக்கே சந்தோசமாக இருந்தது. அந்தப் படத்தை நான் இன்னும் வீட்டாருக்குக் கொடுத்திருக்கவில்லை. லெப்டொப்பின் பாஸ்வேர்ட் எனக்கும் யசோதாவுக்கும் மட்டுமே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் அன்றிலிருந்து ஸுமைராவைக் கூப்பிட வரவில்லை என்றும், அவர் திகனயில் தகப்பன் வீட்டிலேயே இருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

ஜமால்தீன் எனது வீட்டுக்கு வந்தார். “நீங்க எங்கட ஆள், ஒங்கள நான் ஒண்டும் சொல்லல்ல. அந்தப் பிள்ளய எதுக்கு உள்ளுக்கு எடுத்த?” என்று கேட்டார். என்னைச் சந்தேகிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, யசோதாவைச் சந்தேகிக்க ஒருவருக்கும் ஒரு நிமிடம் தேவைப்படவில்லை. ஜமால்தீன் பொலிஸில் முறைப்பாடு செய்தார். அதன் பிறகு யசோதா கைது செய்யப்பட்டார். அவரது போனில் எதுவும் அகப்படவில்லை, ஆனாலும் விசாரணை முடியவில்லை என்று விளக்கமறியலில் வைத்தார்கள். அவர் கைதான அன்று பகல் முழுவதும் நானும் அவர்மீது சந்தேகப்பட்டேன். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு கணினிக் குற்றங்களை விசாரிக்கும் உத்தியோகத்தர் திரு. விவேகானந்தன் என்னைச் சந்தித்தார். மண்டபத்தின் அலுவலகத்தில் இருந்த கணினியும் எனது லெப்டொப்பைச் செய்த அதே கம்பனியுடையது என்றும், அதிலிருந்தும் படங்கள் களவு போயிருப்பதாகவும் கூறினார். நான் எப்படி என்று கேட்டேன். “கம்பனி போட்டுவிடுற புரோகிராம் புது அப்டேட் இருக்கோ எண்டு தானாப் போய்க் கேக்கும். வாற பதில் உண்மையிலேயே கம்பனியிட்ட இருந்துதான் வருதோ எண்டு பாக்காது. மண்டபத்து வைஃபையில ஆரோ நடுவில நிண்டு தன்ர சாமானை அனுப்பியிருக்கிறான். அது வாங்கி உள்ள வைச்சிட்டுது” என்றார். எனது லெப்டொப்பிலும் அதுவே நடந்ததென்று காட்டினால் யசோதாவை விடலாமா என்று கேட்டேன். “ஓம். ஆனால் மெசினைத் திறக்காமல் நான் ஒண்டும் எழுதேலாது” என்றார்.

பெண் உத்தியோகத்தர் ஒருவரிடம் கொடுக்கிறேன் என்றேன். அந்த வேலை தெரிந்த பெண் பொலிஸில் இல்லை என்றார்கள். நான் மறுத்தேன். நீதிமன்ற உத்தரவு பெற்று எப்படியும் எடுப்போம், ஆனால் அதற்கு அடுத்த வழக்குத் தவணைவரை பொறுக்க வேண்டும், அதுவரை யசோதா உள்ளேதான் என்றார்கள். திரு. விவேகானந்தன், தான் படங்களைத் திறக்கமாட்டேன் என்றும், எனினும் உள்ளே இருப்பது முழுவதையும் ஒரு பிரதி எடுத்தாக வேண்டும் என்றும், அது நீதிமன்றத்துக்குப் போகும் என்றும் கூறினார். அவர் நல்ல மனிதராகத் தெரிகிறார். அது போதாது என்று அவருக்கும் தெரியும்.

அதன் பிறகு நான் சிறைக்குப் போய் யசோதாவைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். நான் விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “லெப்டொப்ப மட்டும் குடுத்துறாதீங்கக்கா. எத்தனை புள்ளைங்க படம் அதுல கெடக்கு. நான் இருந்துக்கிறேன்” என்றார்.

அங்கிருந்து நேராகத் திகனவுக்குப் போனேன். ஜமால்தீன் கதவைத் திறக்கவில்லை, ஸுமைராதான் திறந்தார். எங்கள் வழக்கப்படி அக்கா முறையில் என்னைத் தாத்தா என்று அழைப்பார். லெப்டொப்பைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். “என்ட படத்த ஊரே பாத்திட்டு தாத்தா. இனி பொலிஸ் பாத்தா எனக்கு என்ன. அந்த அக்காவ வெளிய எடுங்க” என்றார். நான் எழும்பும்போது, “ஆனா மத்தவங்களுக்காக எனக்குச் சொல்ல ஏலா” என்றும் கூறினார்.

மற்றப் பெண்களிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு கொடுக்க என்னால் முடியாது. அதனால்தான் கேட்காமல் கொடுக்கிறேன். தங்கள் படங்கள் இன்று பொலிஸுக்குப் போவது அவர்களுக்குத் தெரியாது. கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் அழித்துவிட நினைத்தேன், ஆனால் அழித்தால் எதையோ மறைத்தோம் என்றுதான் யசோதாவின் தலையில் விழும். ஆகவே எதையும் அழிக்கவில்லை. பாஸ்வேர்டை எழுதித் தரவில்லை, உத்தியோகத்தர் முன்னிலையில் நானே அடித்தேன்.

இவ்வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இறுதியில் “மேற்படி லெப்டொப்பை எனது முழு விருப்பத்துடன் ஒப்படைக்கிறேன்” என்று எழுதப்பட்டிருந்தது. என்னை யாரும் மிரட்டவில்லை, அது சரி. ஆனால் முழு விருப்பம் என்பது சரியில்லை. அச்சொற்களை வெட்டும்படி கேட்டேன். வெட்டிய இடத்தில் சுருக்கொப்பமிட்டேன். எஞ்சியவை அனைத்தும் உண்மை.

ஒப்பம்: அ. க. சித்தி றமீலா