பயம் போக்கிய சீட்டு

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை, ஐயா. பதினான்கு வருஷமாக ஆம்புலன்ஸில் நோயாளிக்குத் துணையாகப் பின்னால் உட்கார்ந்து போகிறேன். ஒருவரைக்கூட அதட்டியது கிடையாது. எங்கள் டிரைவர் என்னைச் சாமியார் என்றுதான் கூப்பிடுவார். வண்டி ஏறுமுன் நான் கண்ணை மூடிக் கும்பிடுவதைப் பார்த்து வைத்த பேர்.

கடவுள் என்னிடம் பெரிய காரியம் எதையும் கேட்டதில்லை. பயந்தவர்களின் பயத்தைக் கொஞ்சம் குறை என்று மட்டும் கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் கண்டக்டர். டிப்போ பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்பில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தேன். சீட்டில் கோடு குன்று போலத் தூக்கி நின்றது. "என்ன தம்பி, அட்டாக்கா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். நாலு நிமிஷத்தில் பிடி தளர்ந்துவிட்டது. மார்பை அழுத்தினேன், ஷாக் கொடுத்தேன், திரும்பவில்லை. இரத்தக்குழாய் அடைப்பு என்றார் டாக்டர். எனக்கு அந்த 'ஆமா'தான் கொன்றது என்று பட்டது.

மறுநாள் வண்டியைக் கழுவிய பிறகு ஒயர்களை என் மார்பிலேயே ஒட்டிக்கொண்டு ஒரு சீட்டு எடுத்தேன். சீரான கோடு. நடுவில் ஒரே ஒரு துடிப்பு மட்டும் அவசரப்பட்டு முந்திக்கொண்டு வந்திருந்தது. சிலருக்கு அப்படி இருக்கும், கெடுதல் இல்லை. பேரும் தேதியும் அச்சான ஓரத்தைக் கிழித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். மெஷின் அதை நினைவில் வைத்திருந்ததால், தீரத் தீர மறுபடி அச்செடுத்துக்கொள்ள முடிந்தது.

யாராவது பயந்தால் அதைக் காட்டுவேன். "பாருங்க, உங்க கோடுதான். ஒரு கோளாறும் இல்ல." முகம் தெளிந்துவிடும். ஸ்ட்ரெச்சரில் படுப்பார்கள், ஆஸ்பிரினை மென்று விழுங்குவார்கள். அவர்கள் காதில் விழாமல் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி இதயப் பிரிவைத் தயாராக வைக்கச் செய்வேன். நிறையப் பேர் பிழைத்தார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிலர் மட்டும், ஒன்றுமில்லை என்றால் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே.

தையல்காரம்மாவும் அதைத்தான் கேட்டார். காலை பதினொரு மணி. அவருக்கு நெஞ்சு வலிக்கவில்லை. தாடையிலும் இரண்டு தோள்பட்டைக்கு நடுவிலும் வலி, குமட்டல், சில்லென்ற வியர்வை. பெண்களுக்குப் பல சமயம் இப்படித்தான் வரும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"பல்வலிக்கெல்லாம் சைரன் வச்ச வண்டி வருமா தம்பி? இவர்தான் போனைப் போட்டுட்டார்" என்று சிரித்தார்.

"பல்வலின்னா முதுகெல்லாம் ஏண்டி நனைஞ்சிருக்கு?" என்றார் கணவர்.

"பள்ளிக்கூடம் நாளைக்குத் திறக்குது. பன்னெண்டு சட்டைக்குப் பொத்தான் வைக்கணும். நீங்க வந்து வைங்க, நான் போய்ப் படுத்துக்கறேன்."

சீட்டு எடுத்தேன். கோடு தூக்கியிருந்தது. மடித்து உள்ளே வைத்துவிட்டு என்னுடையதைக் காட்டினேன். கணவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். அந்த அம்மா ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா? நான் சொன்னா யாரு கேக்கறா? வரலைன்னு எங்க கையெழுத்துப் போடணும் தம்பி?"

'அம்மா, அது என் சீட்டு' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கணவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போயிருந்தார். அந்த வீட்டிலிருந்து அந்த நிம்மதியை எப்படிப் பிடுங்குவது?

வர மறுத்தவர்களின் படிவத்தோடு சீட்டையும் இணைக்க வேண்டும் என்பது விதி. என்னுடையதையே இணைத்தேன். உண்மைச் சீட்டு என்றாவது கணவர் கண்ணில் பட்டால், காப்பாற்றியிருக்கலாமே என்று ஆயுசுக்கும் நொந்துபோவார். அந்தப் பாரம் அவருக்கு எதற்கு?

"என்ன சாமியார், ஏத்தலையா? அந்தம்மா மூஞ்சி சாம்பலா இருந்துதே" என்றார் டிரைவர்.

"வாயுதாண்ணே" என்றேன்.

அதே விலாசத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தபோது மணி ஒன்று. எட்டுச் சட்டைக்குப் பொத்தான் வைத்து முடித்திருந்தார். ஒன்பதாவது மடியில் கிடந்தது. கணவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுக்கப்புறம் கடைசி வரைக்கும் நிம்மதியா இருந்தா தம்பி" என்றார். அதை நான் நன்றியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் விசாரணை டாக்டர், வர மறுத்து இறந்துபோன ஒன்பது பேரின் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தாராம். ஒன்பதிலும் அதே இடத்தில் அதே துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, ஒன்பது பேருக்கும் எப்படி ஒரே இதயம் இருக்கும் என்று கேட்டாராம். என்னுடையதுதான், ஐயா. டிரைவருக்கு எதுவும் தெரியாது. அவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய உண்மைச் சீட்டுகள் ஒன்பதும் என் பிரார்த்தனைப் புத்தகத்தில் இருக்கின்றன. தினமும் காலையில் ஒவ்வொன்றாக எடுத்து அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். ஒன்பது பேரும் பயமில்லாமல் போனார்கள். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கோப்பிலிருந்து என் சீட்டு ஒன்றை மட்டும் கொஞ்ச நேரம் கொடுங்கள். சாட்சி சொல்ல வந்திருக்கும் தையல்காரம்மாவின் கணவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார். உள்ளே வரும்போது பார்த்தேன். சட்டை நனைந்து, தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், ரொம்பப் பயந்திருக்கிறார். காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.