சாப் இல்லாத பக்கம்

கோப்பிக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம் என்றதற்குத் தப்பாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர். டாக்டர் நிறுத்தச் சொல்லி நாலு வருடமாகிறது. அன்றிலிருந்து ஒரு கரண்டி தொட்டதில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதை மீற எனக்குக் கை வராது.

என் பெயர் கார்த்திகேசு. ஈப்போவில் கல்வித் துறை அதிகாரி. தலைமையாசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பவர்களின் தகுதியை எடைபோடும் மூவர் குழுவுக்குப் பதினோரு வருடமாக நான்தான் தலைவர். அவர்களுடைய பள்ளிக்கே போவோம், கோப்பைப் புரட்டுவோம், கேள்வி கேட்போம், புள்ளி போடுவோம். என் புள்ளியைப் பற்றி இதுவரை ஒருவரும் முறையிட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை.

பத்து காஜா டவுனைத் தாண்டி உள்ளே போனால் ஹார்ட்வெல் தோட்டம். ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிறது. தோட்டத்து ஆட்கள் டவுனுக்குப் போய்விட்டாலும் பிள்ளைகளை வேனில் அதே தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அங்கே தலைமையாசிரியர் இடம் காலி. இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஒருவர் அந்தப் பள்ளியைத் தற்காலிகமாகக் கவனித்து வந்த புஷ்பலதா டீச்சர். இன்னொருவன் வேறு பள்ளியில் இருந்த யுகேந்திரன். என்னிடம் பயிற்சி பெற்றவன், இன்றைக்கும் என் பையை வாங்கிச் சுமக்கிற பிள்ளை.

புஷ்பலதா பழைய பலகைக் கட்டடத்தைப் பூட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கெண்டீனில் உட்கார வைத்திருந்தார். ஒரு பக்கம் மீ கோரேங் பொரிகிறது, இன்னொரு பக்கம் வாய்ப்பாடு. பெற்றோர் முணுமுணுத்தார்கள். தினேஸ்வரி என்ற சிறுமி மட்டும், "கெண்டீன்தான் நல்லாருக்கு சார், ரெஸ்ட்டுக்கு என்ன சாப்பாடுன்னு முன்னாடியே தெரிஞ்சிடும்" என்று என்னிடம் வந்து சொன்னாள். முன்பல் இல்லாத சிரிப்பு. அதை நான் மறக்கவில்லை.

ஏன் பூட்டினீர்கள் என்று டீச்சரைக் கேட்டேன். கோப்பிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினார். கட்டடத்தைச் சோதித்த சீனத் தச்சர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல். தூண்களைக் கரையான் அரித்துவிட்டது, ஆள் போகக் கூடாது என்று இருந்தது. அசல் பள்ளி வாரியத்துக்குப் போய் எங்கேயோ காணாமல் போயிருந்தது. நகலில் சாப் இல்லை. உண்மை நகல்தான் என்று அதிகாரி ஒருவர் முத்திரை அடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள் எந்தக் காகிதத்தையும் ஏற்போம். யுகேந்திரனின் கோப்பில் சாப் இல்லாத பக்கம் ஒன்றுகூடக் கிடையாது.

இதைச் சொன்னேன். புஷ்பலதா நேராக என் முகத்தைப் பார்த்து, "சாப் இல்லன்னா தூணு நல்லாயிடுமா சார்? நீங்களே வந்து தட்டிப் பாருங்க" என்றார். என்னோடு வந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபமில்லை. அந்தச் சிரிப்பெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா.

தட்டிப் பார்த்தேன். அவர்கள் கெண்டீனில் தேநீர் குடிக்கும்போது தனியாகப் போய், விரல் மடக்கித் தட்டினேன். காலி டின்னைத் தட்டினது போலக் கேட்டது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். விதிப்படி தகுதியில்லாத காகிதம் கோப்பில் இருக்கக் கூடாது. புள்ளி போடும் நாளில் மற்ற இருவரும் அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கேட்டபோது, ஏற்கத்தக்க ஆதாரம் ஒன்றும் இல்லை என்றேன். பள்ளி வளத்தைப் பயன்படுத்தும் திறன் குறைவு, பெற்றோருடன் இணக்கம் குறைவு என்று எழுதினோம். யுகேந்திரன் தலைமையாசிரியர் ஆனான். புஷ்பலதாவுக்குப் பாகான் டத்தோவுக்கு மாற்றல் வந்தது.

யுகேந்திரனைத் தடுப்புக் காவலில் வைத்திருக்கிறீர்களே, அவன் மேல் தப்பில்லை. பொறுப்பேற்ற வாரமே எனக்கு ஃபோன் செய்தான். "ஐயா, அந்தப் பழைய பிளாக் ஆபத்துன்னு டீச்சர் சொல்லிட்டுப் போனாங்க. தொறக்கலாமா, வேணாமா?" என்று கேட்டான். பயந்த குரல்.

"பதவி கிடைக்காதவங்க பேச்சுலா அது. தொறந்துடு" என்றேன்.

கோத்தோங் ரோயோங் வைத்து, கூலியில்லாமல் பெற்றோரெல்லாம் சேர்ந்து மஞ்சள் சாயம் அடித்தார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியது நான். ஏழு வாரம் நின்றது. எட்டாவது வாரம் காலை மழையில், மூன்றாம் ஆண்டுக்குக் கணிதப் பாடம் நடக்கும்போது கூரை இறங்கியது. நாலு பிள்ளைகளுக்குக் கை கால் முறிவு. தினேஸ்வரி மட்டும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு மனசே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. குற்றம் என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியவங்க வந்தீங்களே என்று அழுதபோது, என் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது. புஷ்பலதாவும் சாவுக்கு வந்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் கடுதாசி எங்க சார்?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட வேண்டியதில்லை, மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

நீங்களும் கேட்பீர்கள், ஒரு சாப் இல்லாததற்காகவா என்று. சாப் அடிக்கும் அதிகாரம் எனக்கே உண்டு, இன்ஸ்பெக்டர். அன்றும் அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு நிமிட வேலை. ஆனால் டீச்சர் முறையாகக் கேட்கவில்லையே. ஒரு வார்த்தை பணிவாகக் கேட்டிருந்தால் அங்கேயே அடித்துக் கொடுத்திருப்பேன்.

போகட்டும். இந்தாருங்கள், அந்தப் பக்கம். நேற்று உட்கார்ந்து சாப் அடித்து, கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டேன். கோணல் இல்லாமல் விழுந்திருக்கிறது, பாருங்கள். இனி இதை ஏற்றுக்கொள்ளலாம்.