மூஞ்சி வெச்ச மிஷினு

வூடு பெருக்கற மிஷினுக்கு இன்னாத்துக்கு மூக்கு, பாப்பா?

காலேஜு எக்ஸிபிஷனுக்கா? சரி, ரோபோ. இன்னாவோ ஒண்ணு. என்னிய இன்னாத்துக்குக் கேக்கற? ஒங்கம்மா வந்தா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவத்தான் வந்துகீறேன். திங்கக்கெழமைலேர்ந்து எம்பொண்ணு பேபிய இங்க வேலைக்கு அனுப்புன்னாங்கல்ல? அனுப்ப மாட்டேன்.

ஒக்காரல்லாம் வேணாம். இத்தினி வருசம் நின்னுகினுதான இருந்தேன்.

சரி, கேட்டுட்ட, சொல்றேன். தோ, கிரைண்டர் கீது. கண்ணு உண்டா, கை உண்டா? ஒருநாளாவது அத்த ஒங்கம்மா சோம்பேறின்னு திட்னாங்களா? ரிப்பேரானா சிட்லபாக்கம் முச்சூடும் தேடி மெக்கானிக்க இட்டாந்தீங்க. எனக்கு மூணு நாளு ஜொரம் வந்திச்சி. நடிக்கறான்னாங்க. டிவி பொட்டிக்குக் கூட பூப்போட்ட துணி தச்சிப் போட்டுகீறீங்க. அதுங்கல்லாம் மிஷினாட்டமே கீது, அதான் மரியாதையா கீது.

நீ இன்னாடான்னா பொட்டு வெச்சி, கொண்ட போட்டு, சேலைய இடுப்புல சொருவி வரஞ்சிகீற. நான்தான அது? தலையாட்டாத. பொறந்ததுலேர்ந்து குனிஞ்சி பெருக்கறவ ஒருத்தியத்தான பாத்துகினு கீற.

இன்னாது? மனுசாளாட்டம் இருந்தாத்தான் வூட்ல சகஜமா பழகுவாங்களா? பழகுவாங்க, நல்லா பழகுவாங்க. ஸ்பூன் காணோம்னா முந்தானைய ஒதறச் சொல்லுவாங்க. ஒங்கம்மா என்னிய ரெண்டு தபா சொல்லிகீறாங்க. கிரைண்டர யாராவது சொல்வாங்களா?

பெருக்கணுமா, நாலு சக்கரம் வெய்யி, முன்னாடி தொடப்பத்தக் கட்டு. டப்பாவாட்டம் பண்ணு. பொம்பளயாட்டம் மட்டும் பண்ணாத.

பேபியா? அவ தாம்பரம் சானடோரியத்துல துணி எக்ஸ்போர்ட் கம்பெனில பட்டன் தெக்கப் போறா. சூப்பர்வைசர் கத்துவான், கத்தட்டும். அங்க சுத்தி நூறு பொண்ணுங்க கீது.

ஒங்க மேல கோவமா? ஒம்மேல இல்ல. வெள்ளிக்கெழம நீ காலேஜுக்குப் போயிட்ட, அம்மா தாம்பரம் மார்க்கெட்டு. கொல்லப்பக்கம் குனிஞ்சி பாத்திரம் தேச்சிகினு இருந்தேன். ஒங்கப்பா பின்னால வந்து இடுப்பப் புடிச்சாரு. சாம்பக் கையோட தள்ளி வுட்டேன். சட்டையத் தட்டிகினு நின்னாரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி, பேபிக்கு இன்னா வயசு ஆவுதுன்னு கேட்டாரு.

நம்ம பாப்பா வயசுதான் சார்ன்னேன்.