கணக்கில் வராத நோன்பு

மதியச் சோற்றைத் தனியாகச் சாப்பிட எனக்குப் பிடிக்காது, சார். தொண்டையில் இறங்காது. மனைவி தேவயானி என்னை விட்டுத் திருச்சிக்கே போய்விட்ட பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவன் ஆசிப் ஒருவன்தான்.

அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு என் பொறுப்பு. தொட்டிகளில் சுண்ணாம்புத் தூள் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்க சீசியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பொருத்தியிருப்போம். போன நோன்புப் பெருநாள் கழிந்து சேர்ந்த டெக்னீஷியன் ஆசிப். லப்பைக்குடிக்காட்டிலிருந்து கொண்டுவரும் மீன் குழம்பில் பாதியைக் கேட்காமலே என் தட்டில் ஊற்றுவான்.

"துபாய் விசா வந்துருச்சு சார். இனி மெடிக்கல் மட்டுந்தான். பாஸாயிட்டா கெளம்பிருவேன்" என்றான் ஒருநாள். நான் வாழ்த்துச் சொன்னேன்.

மெடிக்கலில் தவறினால் போய்விட மாட்டான். கதிர் பட்டு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கொஞ்சம் குறைந்தால் போதும், பிறகு தானாக ஏறிவிடும். நான் முரடன் இல்லை. முதலில் கணினியில் செய்து பார்த்தேன். எந்தச் சீசியம் அணு எப்போது சிதையும் என்று யாருக்கும் தெரியாது. புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டி, கிளம்பும் காமா கதிரில் எவ்வளவு உடம்பில் சேரும் என்று கூட்டிச் சொல்லும். பெஞ்சு, சுவர், ஆசிபின் எடை, உயரம், சாப்பாட்டு நேரம் அரை மணி, எல்லாம் கொடுத்தேன். பலமுறை ஓட்டியும் உயிருக்கு ஆபத்தில்லை என்றே வந்தது.

ஸ்டோரில் கிடந்த சீசியத்தை சாப்பாட்டு அறையில் அவன் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். அதன்பின் நான் அந்த அறைக்குப் போக முடியவில்லை. அந்த நாட்கள் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன.

ரமலான் நோன்பு பிறந்ததை நான் கவனிக்கவில்லை. சாப்பாடு இல்லாததால் மதியத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு அதே பெஞ்சில் மணிக்கணக்கில் படுத்துத் தூங்கியிருக்கிறான். நோன்பாளி என்று ஃபோர்மேனும் எழுப்பவில்லை. வாந்தி எடுத்து விழுந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உடனே சீசியத்தை எடுத்து, பழைய இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டேன்.

டாக்டர்கள் டெங்கு என்றார்கள், மஞ்சள் காமாலை என்றார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு வைத்தியம் பார்த்திருப்பார்கள். சொன்னால் என்னை வார்டுக்குள் விட்டிருக்க மாட்டார்களே. "சொந்தத்துலகூட யாரும் இப்புடி தெனமும் வரல சார்" என்று அவனுடைய உம்மா ஹபீபா கண்கலங்கினார். தலைமுடியெல்லாம் கொட்டிய பிறகும் ஆசிப் என்னைப் பார்த்ததும் சிரிப்பான்.

நேற்று இறந்துவிட்டான். வைத்தது நான்தான், வாய் திறக்காமல் இருந்ததும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மாலைகூட அவனைத் தனியாக விடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், சார்.