மாப்பிள்ளையின் மூன்று தவணைகள்

பிழை என்றால் எனக்கு ஆகாது. ஓட்டலில் சாப்பிட்டால் பில்லைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன். அவர்கள் குறைத்துப் போட்டிருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட ஆளைத்தான் நீங்கள் விசாரணை என்று இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். யார் கடன் வாங்கினார், யார் தவணை கட்டாமல் விட்டார் என்பதெல்லாம் எங்கள் நிறுவனத்து அறிக்கையில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கும். அடுத்த தெருக்காரர் வைத்த பாக்கி சில சமயம் ஒரு அப்பாவியின் தலையில் விழுந்துவிடும். அவர் பதறிக்கொண்டு வருவார். நான் வங்கிக்கு எழுதிக் கேட்டுத் திருத்திக் கொடுப்பேன். நிறைய பேர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எனக்கு ஒரே மகள். அவள் அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அவளுடையதுதான். அதற்காகவே வீட்டோடு மாப்பிள்ளையாகப் பார்த்தேன். நல்ல பிள்ளை. சாப்பிடும்போது சப்புக்கொட்டுவார், வேறு குறை இல்லை. அவர்தான் நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து போகலாம் என்றார். பெற்ற மகள் வீட்டுக்கு நான் விருந்தாளி. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். மறுநாள் அலுவலகத்தில் அவர் பெயரிலிருந்த அறிக்கையைத் திறந்தேன்.

முதலில் அதில் ஒரு ஸ்கூட்டர் கடன் போட்டேன். பெண்கள் ஓட்டுகிற மாதிரி வண்டி. மாப்பிள்ளை வேலையாக அடிக்கடி போய்வரும் ஊரில் ஒரு முகவரி, சில தவணை பாக்கி. வீட்டுக் கடன் கிடைக்கவில்லை. அவர் நேரே என்னிடம்தான் வந்தார்.

"மாமா, நான் வண்டியே வாங்கலயே."

"விடுங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். வங்கிக்கு எழுதுகிறவனும் நான், பதிலைப் பதிகிறவனும் நான். பதிவு சரியானதுதான் என்று பதிந்தேன். அடுத்து, அதே முகவரிக்கு ஒரு ஃபிரிட்ஜ் போனது. பிறகு, குழந்தைச் சாமான் கடையில் ஒரு தவணை.

வேறு ஒன்றுமே நான் செய்யவில்லை, நம்புங்கள். மீதிக் கதையை, அறிக்கையைப் பார்த்த என் மகளே கட்டிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் ஒருநாள் நிமிராமலே கேட்டாள்.

"அந்த வீட்டுல யாருங்க இருக்கா?"

அவர் சத்தியம் செய்தார். செய்யச் செய்ய அவளுக்குச் சந்தேகம் முற்றியது. நான் குழம்புப் பாத்திரத்தை நகர்த்தி வைத்ததோடு சரி. புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் பெரியவர்கள் தலையிடக் கூடாது.

பெட்டியோடு கிளம்பிய அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது என்னை நம்புங்க மாமா." நம்புகிறேன் என்றேன். அந்த மனிதரை என்னைவிட நம்பியவர் உலகத்திலேயே கிடையாது.

மாட்டிக்கொண்ட விதம்தான் கொஞ்சம் உறுத்துகிறது. எங்களிடம் வருகிற நிஜப் பதிவு எதுவும் சுத்தமாக இருக்காது. கதவு எண் மாறியிருக்கும், பிறந்த வருஷம் தப்பாக இருக்கும். இந்த மூன்றில் மட்டும் ஒரு பிழையும் இல்லை, அதனால்தான் தோண்டிப் பார்த்தேன் என்று உங்கள் தணிக்கை அம்மா சொன்னார். வெட்கமாக இருந்தது. பொய் எதற்கு, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவர் போன பிறகு மகள் அழுதாள். ராத்திரியும் பகலும் பக்கத்திலேயே இருந்து தேற்றினேன். கொஞ்சம் தேறியதும், வீட்டில் எங்கே திரும்பினாலும் அவர் ஞாபகம்தான் வருகிறது, சின்னதாக ஒரு கடன் வாங்கித் தனியாக இருந்துகொள்கிறேன் என்றாள். வங்கி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவள் பெயரில் ஏதோ பழைய பாக்கி காட்டுகிறதாம்.

ஆமாம், அதுவும் நான் போட்டதுதான். நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, நானாகவே சொல்கிறேன். ஆனால் அவள் மிரண்டுபோயிருக்கிறாள். ஒரு மணி நேரம் என்னை என் நாற்காலியில் உட்காரவிட்டால் போதும், திருத்திக் கொடுத்துவிடுவேன். ஓடிப்போய்க் கேட்க, பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?