பாக்கியலட்சுமி மறுத்த ஊசி

தலைமையேற்றிருக்கும் மருத்துவர் அம்பலவாணர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, பணி முடித்த கையோடு சீருடையிலேயே ஃபேரர் பார்க் வரை வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் தாதியரே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கராஜு தம்பி, உங்கள் எல்லாருக்கும் நெய்னா முகம்மதுவின் வணக்கம்.

நம் மருத்துவமனையில் மருந்தகத்திலிருந்து வார்டுகளுக்கு மருந்து கொண்டுபோகும் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளன். முப்பத்தோரு ஆண்டு வேலை. வாசலில் உள்ள பதாகையில், மூத்த தாதி திருமதி பாக்கியலட்சுமி காலமானார் என்று போட்டிருக்கிறீர்கள். எதற்கு இந்தப் பூசி மெழுகல்? அவர் காலமாகவில்லை. அவரை அடித்துக் கொன்றார்கள். இரும்புக் கம்பத்தால் மண்டை பிளந்து, நான்கு நாள் கண் திறக்காமல் கிடந்து செத்தார்.

அடி அவருக்குப் புதிதா? போதையில் வந்த ஒருவன் மணிக்கட்டைக் கடித்தான், ஏழு தையல். நோயாளி ஒருவரின் மனைவி தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். ஒருநாள் குளிர்பெட்டிக் கதவு சரியாக மூடாமல் கிடந்தது. அதிலிருந்த இருபத்திரண்டு ஊசி மருந்துகளையும் பாக்கியலட்சுமி ஒதுக்கிவிட்டார். மருத்துவர் ஒருவர் எகிறினார். "நீங்களே போட்டு, நீங்களே கையெழுத்துப் போடுங்க டாக்டர்" என்று ஊசியை நீட்டினார் பாக்கியலட்சுமி. மருத்துவர் போடவில்லை. கையிலிருந்த கோப்பைத்தான் விட்டெறிந்தார். நெற்றி கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பாக்கியலட்சுமி அடுத்த படுக்கைக்குப் போனார்.

குடும்பத்தார் அறிவதற்காக ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மருந்துப் பெட்டி ஒவ்வொன்றிலும் தபால்தலை அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். கம்பி எதுவும் கிடையாது. மருந்தில் சூடு ஏறினால் அது உணர்ந்து, நினைவில் வைத்துக்கொண்டு, அருகில் சுவரில் இருக்கும் கருவிக்குச் சொல்லிவிடும். திரையில் சிவப்பு எரியும், மணி அலறும். அந்த மருந்தை யாருக்கும் போடக் கூடாது. திருப்பி அனுப்பி, அறிக்கை எழுத வேண்டும்.

வந்த புதிதில் அது தொட்டதற்கெல்லாம் அலறியது. தினமும் அறிக்கை எழுதி எனக்கு வெறுத்துப்போனது. தகரத்துக்குள் வைத்தால் வில்லையின் பேச்சு வெளியே போகாது என்று கண்டுபிடித்தேன். பெருநாளுக்கு வந்த பிஸ்கட் டின்களில் மருந்தை அடுக்கி, மூடி எடுத்துப்போனோம். சத்தம் நின்றது. என்னைப் பார்த்து என் பிரிவு முழுவதும் அதையே செய்தது. பாக்கியலட்சுமி மட்டும் சண்டைக்கு வந்தார்.

"சத்தம் போடட்டும் லா அண்ணே. அது வாயைக் கட்டாதீங்க."

நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

அன்று பிற்பகல் அப்படி ஒரு டின்னை வண்டியில் வைத்துக்கொண்டு மின்தூக்கிக்குக் காத்திருந்தேன். மின்தூக்கி வரவில்லை. கண்ணாடிச் சன்னலோரம் வெயில் கொளுத்தியது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே போய்த் தே தாரிக் டீ குடித்தேன். நாற்பது நிமிடம். மருந்து வெளியே இருந்திருந்தால் அங்கிருந்த கருவி அலறியிருக்கும். பத்து நிமிடத்தில் வேறு மருந்து வந்திருக்கும். டின் மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து அப்படியே வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நோயாளியின் படுக்கை அருகே பாக்கியலட்சுமி டின்னைத் திறந்தபோதுதான் சிவப்பு எரிந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்த மகன் எதிரே நின்றான். இது வேண்டாம், வேறு வரவழைக்கிறேன் என்றார். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே என் அப்பாவைச் சாகடிக்கிறாயா என்று கத்தியபடி அவன் டிரிப் கம்பத்தைத் தூக்கினான். முதல் அடி தோளில். இரண்டாவது காதோரம். சுருண்டு விழுந்தவரை மூன்றாவது முறையும் அடித்தான். தரையெல்லாம் ரத்தம். என் பிரிவில் இருக்கும் அர்ஜுன் ஓடிக் கொண்டுவந்த வேறு மருந்தை, தாதி நிரஞ்சனா அழுதுகொண்டே அந்தப் பெரியவருக்குப் போட்டார். பெரியவர் பிழைத்துவிட்டார்.

மகனைத் தரையில் அமுக்கியவர்களில் நானும் ஒருவன். என் விரல் உடையும்வரை அவன் முகத்தில் குத்தினேன். நீங்கள் என்னை முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள். அவனைத் தூக்கில் போட வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது நானும் சேர்ந்து கத்தினேன். அவன் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் அந்தக் குத்துகளில் பாதியாவது என் முகத்தில் விழுந்திருக்க வேண்டாமா?

வழியில் எந்தக் கருவியிலும் பதிவு இல்லை. அதனால் வில்லையில்தான் கோளாறு, நல்ல மருந்தைப் பாக்கியலட்சுமி அவசரப்பட்டு மறுத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. விசாரணைக் குழு என்னிடம் கேட்டது. மருந்து நேராக வார்டுக்குப் போனது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

நாளை காலை விசாரணைக் குழுவிடமும் போலீசாரிடமும் போகிறேன். வேலை போனால் போகட்டும். இங்கு வருமுன் பதினோரு டின்களையும் காலால் மிதித்து நசுக்கிப் போட்டுவிட்டு வந்தேன். என் பிரிவில் வேலை செய்கிறவர்களே, எனக்குப் பிறகு யார் வந்தாலும் மருந்து திறந்தேதான் போக வேண்டும். அலறினால் நின்றுவிடுங்கள். யார் அடிக்க வந்தாலும் கெட்ட மருந்தைப் போடாதீர்கள். பாக்கியலட்சுமியின் வேலையை நாம் தொடர்வது என்றால் அதுதான்.

தங்கராஜு தம்பி, பிணவறை வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். "அண்ணே, நல்ல மருந்தையா அவ வேணாம்னு சொன்னா? அவ பண்ணது தப்பா?"

தெரியவில்லை என்று சொன்னேன். எனக்குத் தெரியும், தம்பி. உங்கள் மனைவி செய்தது சரி. அந்த மருந்து கெட்டுத்தான் போயிருந்தது. கெடுத்தது நான்தான்.